வயிறு சொன்னதும் நான் கேளாததும்

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருக்கும் எனது பெறாமகள் வட்ஸ்அப்பில் ஒரு பட்டியலை அனுப்பியிருந்தாள். குடல் நலமாக இல்லை என்பதைக் காட்டும் அறிகுறிகள் என்பது அதன் தலைப்பு. வயிற்றுப் பொருமல், காரணமில்லாத களைப்பு, இனிப்பின் மீது அடங்காத ஆசை, நித்திரைக் குழப்பம், தோலரிப்பு, மனச்சோர்வு, வாய்நாற்றம். பட்டியலின் அடியில் ஒரு பொடியின் படமும் அதன் விலையும் இருந்தன. "பெரியப்பா, இதிலை அரைவாசி அப்பாவுக்கு இருக்கு. இந்தப் பவுடரை வாங்கிக் குடுக்கட்டோ?" என்று கேட்டிருந்தாள்.

நாற்பது வருடங்களுக்கு மேல் பிறர் எழுதியதைத் திருத்தியே காலத்தைக் கழித்தவன் நான். எந்த எழுத்தைக் கண்டாலும் அதில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன விடுபட்டிருக்கிறது என்பதையே முதலில் தேடுவது எனது பழக்கமாகிவிட்டது. அந்தப் பட்டியலில் இருந்தவை பொய்யென்று சொல்லமாட்டேன். ஆனால், இரண்டு நாட்கள் சரியாக உறங்காத எந்த மனிதருக்கும் அவற்றில் நான்கு பொருந்தும். விடுபட்டிருந்தவையோ, 1996 ஆம் ஆண்டில் என்னைச் சாவின் வாசல்வரை கொண்டுசென்றதும், 2003 ஆம் ஆண்டில் எனது நண்பர் ஒருவரைக் கொண்டுபோனதுமான அறிகுறிகள். அவற்றைப் படம் போட்டு விற்க முடியாது. நாலுபேர் முன்னிலையில் சொல்லவும் முடியாது. ஏனெனில் அவை மலத்தைப் பற்றியவை.

இந்த இடத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு அப்பால் செல்ல விரும்பும் வாசகர்களிடம் ஒரேயொரு வேண்டுகோள். நானும் அப்படித்தான் சுளித்தேன். அதன் விலையை அறிந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன், சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆச்சிக்கு இந்தச் சுளிப்பே இருந்ததில்லை. ஐம்பதுகளில் யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் வளர்ந்த எங்களுக்கு, காலையில் முற்றத்தில் ஆச்சியின் முன்னால் நின்று பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. "வெளிக்குப் போனியோ? எப்பிடிப் போச்சுது?" என்பதே அது. ஆட்டுப்புழுக்கை போலவா, கட்டியாகவா, களியாகவா, தண்ணீராகவா, சளி கலந்தா, என்ன நிறம், என்ன நாற்றம் என்று ஆச்சி தயக்கமின்றிக் கேட்பார். பதிலைப் பொறுத்து அன்றைய உணவு தீர்மானமாகும். ஓமத்தண்ணீரா, மோரா, வெறுங் கஞ்சியா, அல்லது வருடத்தில் இரண்டு தடவை பள்ளிக்கூட விடுமுறையில் எங்களைத் துரத்திப் பிடித்துப் பருக்கும் அந்தப் பேதி மருந்தா என்பதை அவரே முடிவுசெய்வார். பேதி கொடுத்தது சரியான வைத்தியம் என்று இன்றைய வைத்தியர்கள் எவரும் ஏற்கமாட்டார்கள். நானும் அதற்காக வாதாட வரவில்லை. சொல்லவந்தது ஆச்சியின் சொற்களைப் பற்றி.

வயிற்று வருத்தங்களுக்கு அவரிடம் எத்தனை சொற்கள் இருந்தன! செமியாமை வேறு, பொருமல் வேறு. நெஞ்செரிவு வேறு, புளித்த ஏப்பம் வேறு. ஓங்காளம் என்பது சத்தி எடுப்பதற்கு முந்திய நிலை. வயிற்றால் போவது ஒன்று, வயிற்றுளைவு இன்னொன்று. பின்னதில் போனபின்னும் போகவில்லை என்ற உணர்வு நிற்கும். வயிற்றுக்குத்து வேறு, வயிற்றை முறுக்குவது வேறு. ஒவ்வொரு சொல்லும் ஒரு தனி அறிகுறி. 1997 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரிஸ்ரல் நகர வைத்தியர்களான லூயிஸ், ஹீற்றன் இருவரும் மலத்தை ஏழு வகையாகப் பிரித்துப் படமாக வரைந்து ஓர் அட்டவணையை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் வைத்தியசாலைச் சுவர்களில் அது தொங்குகிறது. அதனை நான் முதன்முதலில் கண்டபோது ஆச்சியின் நினைவுதான் வந்தது. அட்டவணையின் முதலாம் வகை, அதே ஆட்டுப்புழுக்கைதான்.

இந்தச் சொற்கள் எல்லாம் எனது தலைமுறையில் எங்கே போயின? கொழும்புக்கு வந்து, நீளக் காற்சட்டை போட்டு, பத்திரிகை ஆசிரியபீடத்தில் அமர்ந்த பின்னர் எனக்கு ஒரேயொரு வயிற்று வருத்தந்தான் இருந்தது. அதற்குப் பெயர் 'காஸ்'. சற்றுக் கடுமையாக இருந்தால் 'கஸ்ரைற்றிஸ்'. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வேறுபாடின்றி ஏற்றுக்கொண்ட சொல் இலங்கையில் ஏதாவது உண்டென்றால், அது இந்தக் கஸ்ரைற்றிஸ்தான். இரைப்பையின் உட்சுவரில் ஏற்படும் அழற்சி என்ற குறிப்பான பொருள் அதற்கு உண்டு. நாமோ நெஞ்சுக்கும் இடுப்புக்கும் இடையில் ஏற்படும் எல்லாவற்றையும் அந்த ஒரு சாக்குக்குள் போட்டுக் கட்டிவிட்டோம். மாரடைப்பின் வலி மேல்வயிற்றில் எரிவாக வரக்கூடும் என்பதை அறியாமல், காஸ் என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவர்களின் மரண அறிவித்தல்களை நானே பலமுறை பக்கத்தில் ஏற்றியிருக்கிறேன்.

எனது கதைக்கு வருகிறேன்.

1996 ஆம் ஆண்டு எங்கள் நாட்டில் பத்திரிகையாளர்களுக்கு உறக்கமில்லாத ஆண்டு. ஜனவரி 31 ஆம் திகதி மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு. ஜூலையில் முல்லைத்தீவு இராணுவ முகாம் வீழ்ந்தது. அதே ஜூலை 24 ஆம் திகதி தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்தது. செய்தியாசிரியர் மேசையில் நான் இருந்தேன். இரவு ஒரு மணிக்கு முன்னர் கடைசிப் பக்கம் அச்சுக்குப் போனதாக நினைவில்லை. இரவுணவு என்பது பிளேன்ரீயும் சிகரட்டும். நீண்ட நேரம் குனிந்திருந்ததால் நாரிப்பிடிப்பு வேறு. அதற்கு டைக்ளோபினக் குளிசை நல்லது என்று அச்சுக்கூடத்து நண்பர் ஒருவர் சொன்னார். மருந்துக்கடையில் துண்டு எதுவும் கேட்காமலே கொடுத்தார்கள். நாளொன்றுக்கு இரண்டு, சில நாட்களில் மூன்று என, வெறும் வயிற்றிலேயே போட்டுக்கொண்டேன்.

வயிறு எனக்குச் சொல்லாமல் இருக்கவில்லை. அதற்கு முன் இரண்டு வருடங்களாகவே அதிகாலை இரண்டு மூன்று மணிக்கு, தொப்புளுக்கு மேலே ஓரிடத்தில், விரலால் தொட்டுக் காட்டக்கூடியவாறு ஒரு வலி என்னை எழுப்பிவந்தது. இரண்டு பிஸ்கட் கடித்தால் அடங்கிவிடும். பசித்தால் வலிப்பதும், உண்டால் தணிவதும், நள்ளிரவுக்குப் பின் நித்திரையைக் குழப்புவதும் முன்சிறுகுடற் புண்ணின் பழைய அடையாளங்கள் என்று பின்னர் அறிந்தேன். அப்போதோ மனைவி தலைமாட்டில் பிஸ்கட் பேணியை வைக்கப் பழகியிருந்தாள். நான் அந்த வெள்ளைப் பாணி மருந்தைப் போத்தலோடு வாயில் வைத்துக் குடிக்கப் பழகியிருந்தேன். காஸ்தானே!

ஓகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மலம் கறுப்பாகப் போயிற்று. சாதாரணக் கறுப்பு அல்ல. மினுக்கமுள்ள, ஒட்டிப்பிடிக்கும் கறுப்பு. தண்ணீர் ஊற்றினாலும் எளிதில் போகவில்லை. அதற்கு முன் நான் அறிந்திராத ஒரு நாற்றம். முதல்நாள் மதியம் கணவாய்க் கறி உண்டிருந்தேன். மையோடு சமைத்த கறி. பழியைக் கணவாயின் மேல் போட்டேன். புதனன்றும் அப்படியே. கணவாய் இன்னும் போய்முடியவில்லை என்று எனக்கு நானே சொன்னேன். வியாழன் மாலை அலுவலகப் படிக்கட்டில் ஏறும்போது பாதியில் நின்று மூச்சுவாங்க வேண்டியிருந்தது. நெஞ்சு படபடத்தது. "அண்ணை, முகமெல்லாம் வெளிறிப்போய்க் கிடக்கு" என்று இளம் நிருபர் ஒருவர் சொன்னார். நித்திரைக் குறைவு என்றேன். ஒரு செய்தியைப் பற்றி எவராவது இவ்வளவு தளர்வான விளக்கத்தை என்னிடம் கொண்டுவந்திருந்தால் கிழித்தெறிந்திருப்பேன்.

வெள்ளி இரவு, கதிரையிலிருந்து எழுந்தேன். அடுத்ததாக நினைவில் இருப்பது நிலத்தின் குளிர்மையும், மையின் மணமும், உடலெல்லாம் பெருகிய வியர்வையும். பத்திரிகை விநியோக வானில் போட்டுக்கொண்டு போனார்கள். வழியில் மூன்று சோதனைச் சாவடிகள். ஒவ்வொன்றிலும் அடையாள அட்டைகளைக் காட்டி, ஏன் இந்த நேரத்தில் என்று விளக்கவேண்டியிருந்தது. மூன்றாவது சாவடியில் எனது முகத்தில் டோர்ச் அடித்துப் பார்த்த சிப்பாய், அட்டையைப் பார்க்காமலேயே வழிவிட்டான்.

வைத்தியசாலையில் என்னைப் பார்த்தவர் இளம் சிங்கள வைத்தியர். அரசியல் யாப்புத் திருத்தம் பற்றி நான் சிங்களத்தில் ஒரு மணிநேரம் விவாதிப்பேன். ஆனால், மலம் எப்படிப் போயிற்று என்று அவர் கேட்டபோது எனக்குச் சிங்களமும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை. உண்மையைச் சொல்வதானால் தமிழும் வந்திருக்காது. கறுப்பு என்றேன். இரும்புச்சத்துக் குளிசை போட்டீர்களா என்று கேட்டார். இல்லை. பிறகு, ஏதோ ஞானம் வந்தவன்போல, "தார்" என்றேன். தெருவுக்குப் போடும் தார். அந்தச் சொல் இரு மொழிக்கும் பொது. அவர் பேனையை வைத்துவிட்டு எழுந்தார். அதன் பின்னர் எல்லாம் ஓட்டமாக நடந்தது.

இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால், அது தார்போல் ஒட்டாது, அந்த நாற்றமும் இராது. இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசியும் இரத்தம் அமிலத்தாலும் செரிமானத்தாலும் மாற்றமடைந்து, நீண்ட குடல்வழி பயணஞ்செய்து வெளிவரும்போதுதான் தாராகிறது. சிவப்பாக இல்லையே என்று நான் நிம்மதியடைந்தது முட்டாள்தனம். இரத்தம் சிவப்பாக இருக்கவேண்டும் என்று எவர் சொன்னார்? சத்தியில் வந்தாலும் சிலவேளை அரைத்த கோப்பித்தூள் போலத்தான் இருக்கும்.

நான்கு பைந்து இரத்தம் ஏற்றினார்கள். போர்முனையிலிருந்து காயப்பட்டவர்கள் வந்துகொண்டிருந்த மாதம் அது. இரத்தத்துக்கு எவ்வளவு தேவை இருந்தது என்பதை நானே தலைப்புச் செய்தியாக்கியிருந்தேன். எவருடைய இரத்தம் எனக்குள் ஓடியது என்று தெரியாது. தெரியவேண்டும் என்று பல வருடங்கள் விரும்பியதுண்டு.

மறுநாள் குழாயைத் தொண்டைவழியாக இறக்கிப் பார்த்தபோது முன்சிறுகுடலில் புண் இருந்தது. மன அழுத்தம், மிளகாய்த்தூள், பிளேன்ரீ என்று குற்றவாளிகளை நானே வரிசைப்படுத்திச் சொன்னேன். வைத்தியர் சிரித்தார். குற்றவாளிகள் இருவர், ஒருவர் உமது குளிசை, மற்றவர் ஒரு கிருமி என்றார். வலிக்கொல்லி மருந்துகளில் டைக்ளோபினக், ஐபியூபுறொபன், அஸ்பிரின் ஆகியவை வலியை உண்டாக்கும் பொருளைத் தடுக்கும்போதே, இரைப்பைச் சுவரை அமிலத்திலிருந்து காக்கும் பொருளையும் தடுத்துவிடுகின்றன. பனடோல் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. நெஞ்சுவருத்தத்துக்காக வைத்தியர் எழுதிக்கொடுத்த அஸ்பிரினை எவரும் இதனைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தவேண்டாம். வயிற்றைக் காக்க வேறு மருந்து சேர்க்க வேண்டுமா என்று வைத்தியரிடம் கேட்பதே சரி.

கிருமியின் கதை இன்னும் சுவையானது. அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொரன் என்ற நோயியலாளர், இரைப்பைத் திசுக்களில் சுருள்வடிவக் கிருமிகளைக் கண்டார். இளம் வைத்தியரான பரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். கிருமியை வளர்க்க எடுத்த முயற்சிகள் தோற்றுக்கொண்டே இருந்தன. 1982 ஆம் ஆண்டு ஈஸ்ரர் விடுமுறையில் தட்டுகள் வழக்கத்தைவிட அதிக நாட்கள் வெப்பப்பெட்டியில் கிடந்தன. திரும்பி வந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது. எவரும் நம்பாததால் 1984 ஆம் ஆண்டு மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்தார். சில நாட்களில் ஓங்காளமும் சத்தியும் வந்தன. அவரது இரைப்பையில் அழற்சி இருந்ததைக் குழாய்விட்டுப் பார்த்து உறுதிசெய்தார்கள். 2005 ஆம் ஆண்டு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. வொரன் 2024 ஆம் ஆண்டு காலமானார். ஹெலிகோபக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி உலக மக்களில் மிகப் பெருந்தொகையினரின் வயிற்றில் சிறுவயதிலேயே குடியேறிவிடுகிறது. பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்வதில்லை. சிலருக்குப் புண்ணாகிறது. மிகச் சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய்வரை போகிறது.

இரண்டு வகை நுண்ணுயிர்க்கொல்லியும் அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் இரண்டு வாரங்கள் உண்டேன். வாயெல்லாம் இரும்பை நக்கியது போன்ற சுவை. இரண்டு வருடங்களாக என்னை எழுப்பிய அந்த அதிகாலை வலி அத்துடன் போனது, திரும்பி வரவில்லை. இருபது வருடங்களுக்கு முன்னர் இதே புண்ணுக்காக எனது தகப்பனாரைப் பாலும் சோறும் மட்டும் உண்ணச் சொல்லி, உறைப்பையெல்லாம் விலக்கிவைத்து, இறுதியில் வயிற்றைக் கீறியும் பார்த்தார்கள். மிளகாய் நிரபராதி என்பதை அறியாமலே அவர் போய்விட்டார்.

இதன் பின்னராவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வந்தது என்றே நினைத்திருந்தேன்.

எங்கள் அலுவலகத்தில் மூத்த ஒப்புநோக்குநர் ஒருவர் இருந்தார். முன்னர் ஆசிரியராக இருந்தவராகையால் எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. சந்திப்பிழைக்காகப் பிரதம ஆசிரியரோடும் சண்டை பிடிப்பார். 2002 ஆம் ஆண்டு போர்நிறுத்தத்தின் பின்னர் ஏ-9 பாதை திறக்கப்பட்டபோது, பல வருடங்களின் பின் ஊரைப் பார்க்கும் ஆவலில் நாங்கள் ஏழுபேர் ஒரு வானில் புறப்பட்டோம். மாஸ்டருக்கு அப்போது 58 வயது.

வவுனியாவரையில் மூன்று இடங்களில் அவருக்காக வானை நிறுத்தினோம். போய்வந்து ஏறி, கால்மணி நேரத்தில் மீண்டும் போகவேண்டும் என்பார். போனாலும் அதிகம் போவதில்லை, போகவேண்டும் போன்ற உணர்வுதான் நிற்கிறது என்றார். ஓமந்தையைத் தாண்டிய பிறகு நிலைமை வேறு. பாதையின் இரு மருங்கிலும் மிதிவெடி எச்சரிக்கைகள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். தாரை விட்டு ஓரடி இறங்கமுடியாது. மாஸ்டர் இருக்கையின் நுனியில் இரு கைகளாலும் முன்னிருக்கையைப் பற்றியபடி, கண்களை மூடிக்கொண்டு இருந்தார். "மாஸ்டருக்கு ஊரைக் காணப்போற பதற்றம்" என்று எவரோ பகிடிவிட, வானே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கிளிநொச்சியில் ஒரு தேநீர்க்கடையின் பின்புறம் அவருக்கு வசதி கிடைத்தது. வெளியே வந்தவர் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, கொஞ்ச நாளா இரத்தமும் போகுது. மூலம்தான். கருணைக்கிழங்கு சாப்பிடுறன்" என்றார். எத்தனை நாளாக என்று நான் கேட்டிருக்கவேண்டும். நாலைந்து மாதங்களாக என்று சொல்லியிருப்பார். ஒருநாள் இறுகிப்போவதும் மறுநாள் தண்ணீராகப் போவதுமாக இருந்தது என்பதை, காற்சட்டைப் பட்டியில் ஆணியால் இரண்டு புதுத் துளைகள் போட்டிருந்தார் என்பதை நான் பின்னர் அறிந்தேன். அன்று நான் கேட்கவில்லை. மூலம் என்ற சொல் அவருக்கும் எனக்கும் வசதியாக இருந்தது. அது பயமற்ற சொல். அதற்கு மேல் எதையும் பேசத் தேவையில்லாத சொல். "கொழும்புக்குப் போய்க் காட்டுங்கோ மாஸ்டர்" என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு வானில் ஏறினேன்.

அவர் காட்டியது அந்த வருட இறுதியில். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவியிருந்தது. 2003 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் காலமானார். செத்தவீட்டில் அவரது மனைவி என்னிடம் கேட்டார்: "ஊருக்குப் போகேக்கை நீங்கள் பக்கத்திலைதானே இருந்தனீங்கள். உங்களிட்டை ஒண்டும் சொல்லேல்லையோ?"

இல்லை என்றேன்.

அந்த 'இல்லை'யைச் சொல்லி இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. ஆகவே, பெறாமகளின் பட்டியலில் விடுபட்டவற்றை இங்கே வெட்கமின்றி எழுதுகிறேன். நாளுக்கு மூன்று தடவை போவதும் சரி, வாரத்துக்கு மூன்று தடவை போவதும் சரி, இரண்டுமே இயல்புதான். எண்ணிக்கையல்ல, மாற்றமே செய்தி. உங்களுக்கு இத்தனை வருடம் வழக்கமாக இருந்தது மாறி, அந்த மாற்றம் சில வாரங்களுக்கு மேல் நிலைத்தால் அதனைக் கவனிக்கவேண்டும். போனபின்னும் முடியாத உணர்வு நிலைத்து நிற்பது, முயற்சியின்றி எடை குறைவது, உணவு நெஞ்சில் சிக்குவது, வயிற்றோட்டம் நள்ளிரவில் நித்திரையிலிருந்து எழுப்புவது ஆகியவை ஓமத்தண்ணீருக்கு அடங்குபவையல்ல. ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்குப் புதிதாகத் தோன்றி, வாரக்கணக்கில் நீங்காதிருக்கும் பொருமல், குடலில் அல்லாமல் சூலகத்திலிருந்தும் வரக்கூடும். அதனைக் காஸ் என்று விடக்கூடாது.

இரத்தத்தைப் பற்றி இன்னும் ஒன்று. மூலத்திலும் சிவப்பு இரத்தம் வரும், குடற் புற்றுநோயிலும் வரும். நிறத்தைப் பார்த்து இதுதான் என்று நாமே தீர்ப்பு எழுதமுடியாது. மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்ற சட்டமும் இல்லை. பெருங்குடலின் வலப்பக்கத்தில் கசியும் இரத்தமோ பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. மலம் இயல்பாகவே இருக்கும், மனிதர் மட்டும் மெல்ல மெல்ல வெளிறிக் களைத்துப்போவார். வயதான ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைந்த இரத்தச்சோகை என்று அறிக்கை வந்தால், இரும்புக் குளிசையோடு நிறுத்திவிடாமல், இரத்தம் எங்கே போகிறது என்று குடலில் தேடவேண்டும். இளைஞர்கள் இது வயோதிபருக்குரியது என்று இருந்துவிடவும் முடியாது. ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்களிடையே குடற் புற்றுநோய் பல நாடுகளில் கூடிவருகிறது.

குடலில் வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்களைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். அவற்றுக்கு இலை, தவிடு, பயறு, குரக்கன் போன்ற நார்ச்சத்துள்ள உணவு நல்லது என்பதை நான் மறுக்கவில்லை. ஆச்சியின் பழஞ்சோற்றுக்கும் மோருக்கும் இன்று ஆங்கிலத்தில் புதுப் பெயர் வைத்து விற்கிறார்கள், விற்கட்டும். வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் பெரும்பகுதியை உணவுக்கும் செரிமானத்துக்குமே ஒதுக்கியிருக்கிறார், பொடி எதனையும் பரிந்துரைக்கவில்லை. எனது அச்சமெல்லாம், பொடி வாங்கியவர் தமக்கு வைத்தியம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மாஸ்டர் கருணைக்கிழங்கு உண்டதுபோல மாதங்களைக் கழித்துவிடுவார் என்பதே.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷனரி வைத்தியர், எங்கள் பிள்ளைகளுக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடலமைப்பு, பிரசவம், சத்திரசிகிச்சை பற்றிய நூல்களைத் தமிழாக்கினார். மருத்துவம் முழுவதையும் தமிழில் சொல்லமுடியும் என்று பிறநாட்டவர் ஒருவர் நம்பிய மண்ணில் பிறந்த நான், மூன்று நாட்கள் எனது மலத்தின் நிறத்தைச் சொந்த மனைவிக்கே சொல்லவில்லை.

பெறாமகளுக்குப் பதில் எழுதவில்லை. எனது தம்பிக்கே தொலைபேசி எடுத்தேன். அவனுக்கு 68 வயது. குசலம் விசாரித்து முடிந்ததும், ஆச்சியின் கேள்வியைக் கேட்டேன். "அண்ணைக்கு வயது போய்ப் பிசத்துது" என்று சிரித்தான். மீண்டும் கேட்டேன். சிரிப்பு நின்றது. மறுமுனையில் சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, குரலைத் தாழ்த்தி, "பிள்ளையள் பக்கத்திலை நிக்கினம், பொறு" என்று சொல்லி, வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தும் ஓசை கேட்டது.

மூன்று மாதங்களாக வழக்கம் மாறியிருக்கிறது. படியேறக் களைக்கிறது. இரத்தம் எதனையும் காணவில்லை என்றான். மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைச் சோதிப்பதற்காக ஒன்ராறியோவில் 50 வயது முதல் 74 வயது வரையானவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வீட்டுக்கே அனுப்பும் சிறு பொதி, சென்ற வருடம் வந்தது, மேசை இலாச்சிக்குள் பிரிக்காமலே கிடக்கிறதாம். அந்தப் பொதி அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கானது, இனி அதனை நம்பி இருக்காதே, குடும்ப வைத்தியரிடம் நேரே போய் எல்லாவற்றையும் சொல், இரத்தம் சோதிக்கச் சொல் என்றேன். "எப்பிடியண்ணை இதையெல்லாம் அந்த வெள்ளைக்காரப் பெட்டையிட்டைச் சொல்லுறது?" என்று கேட்டான். வைத்தியர் இளம் பெண்.

அவன் சொல்லவேண்டியதை நானே ஒரு தாளில் எழுதினேன். எப்போது தொடங்கியது, எத்தனை தடவை, எப்படி, என்ன நிறம், எவ்வளவு களைப்பு, எந்தெந்தக் குளிசைகள் என்று ஆச்சியின் சொற்களிலேயே எழுதிப் பெறாமகளுக்கு அனுப்பியிருக்கிறேன். அவள் அதனை ஆங்கிலத்தில் ஆக்கிக் கொடுப்பாள். 'களி' என்பதற்கு ஆங்கிலத்தில் என்னவென்று நேற்றுக் கேட்டிருந்தாள். வைத்தியரைச் சந்திக்கும் நாள் வருகிற புதன்கிழமை.